மண்டலம் வரைந்தாயிற்று, விடை மட்டும் சரியாக வரவில்லை: நிலத்தடி நீர் மாடலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மோட்ஃப்ளோ என்பது நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் நிரல்; நிலத்தைக் கிரிட் என்னும் வலையாக, சிறு சிறு செல்களாகப் பிரித்துக் கணக்குப் போடும். அந்தக் குடும்பத்து மாடல்களில் மண்டலம், அதாவது ஸோன், என்பது செல்லின் மேல் எழுதிய ஓர் எண். அவ்வளவுதான். ஒரு செல்லில் 3 என்று இருந்தால் அது களிமண்ணா மணலா என்று கணக்குப் போடும் நிரலுக்குத் தெரியாது. 3-க்குக் கடத்துதிறன் (நீர் எவ்வளவு எளிதாகப் பாயும்) எவ்வளவு, துளைமை (மண்ணில் வெற்றிடத்தின் பங்கு) எவ்வளவு, ரீசார்ஜ் (மேலிருந்து ஊறி இறங்கும் நீர்) எவ்வளவு என்பதை நாம் வேறு வேறு இடங்களில் சொல்கிறோம். வரைபடத்தில் இருக்கும் பலகோணம் செல் எண்ணாக மாற வேண்டும். அந்த எண்ணோடு மதிப்பு சேர வேண்டும். மதிப்பு உள்ளீட்டுக் கோப்பில் எழுதப்பட வேண்டும். கடைசியில் விடையை மண்டலவாரியாகக் கூட்ட வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மாடல் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் தராமல் ஓடி முடிந்துவிடும். அதுதான் இதில் இருக்கும் ஆபத்து. ஒரு கிணற்றுக்கு மாசு எப்போது வந்து சேரும் என்று அந்த விடையை நம்பி யாரோ முடிவெடுக்கப் போகிறார்கள். அதனால் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடிப் பிடிப்பதற்கு மெனக்கெடுவது தகும்.

கீழே அறிகுறிவாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: திரையில் தெரியும் வண்ணப் படத்தை மூடிவிட்டு, கணக்கு நிரல் உண்மையில் படிக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். மோட்ஃப்ளோ-2005 என்றால் பெரும்பாலும் கடத்துதிறன் எழுதப்படும் எல்பிஎஃப் கோப்பு. மோட்ஃப்ளோ 6 என்றால் என்பிஎஃப் கோப்பு. மாசு மாடலுக்கு, மாசு நகர்வதைக் கணக்கிடும் எம்டி3டிஎம்எஸ் நிரலின் பிடிஎன் கோப்பு. மண்டலத்துக்குள் இருக்கும் ஒரு செல்லைத் தேர்ந்து, அதன் அடுக்கு, வரிசை, நெடுவரிசை எண்களைக் குறித்துக்கொண்டு, கோப்பில் அதே இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். வரைகலை மென்பொருளின் திரை உங்கள் விருப்பத்தைக் காட்டுகிறது. கோப்புதான் மாடலைக் காட்டுகிறது.

இரண்டாவது சோதனை: ஒரு மண்டலத்தின் கடத்துதிறனை மட்டும் பத்து மடங்கு ஆக்கி ஓட்டுங்கள். புதிய நீர்மட்டத்திலிருந்து பழைய நீர்மட்டத்தைக் கழித்து வித்தியாசப் படம் எடுங்கள். மாற்றம் அந்த மண்டலத்தை மையமாக வைத்துப் பரவியிருந்தால் சங்கிலியின் முதல் பாதி சரி. மாற்றம் வேறு எங்கோ தெரிந்தால் இடம் தவறு. எங்குமே பூச்சியம் என்றால் மதிப்பு போய்ச் சேரவே இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: மாடல் முழுவதும் ஒரே மண்டலமாக இருந்து, எல்லைகள் எல்லாம் நிலையான நீர்மட்டமாகவும் ரீசார்ஜ், கிணறு எதுவும் இல்லாமலும் இருந்தால், நிலைத்த ஓட்டத்தில் நீர்மட்டம் மாறாது, பாயும் அளவு மட்டும் மாறும். அதனால் நீர்க்கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: மதிப்பை மாற்றினேன், விடை ஒரு இம்மியும் மாறவில்லை

பெரும்பாலும் காரணம் எளிமையானது. வரைகலை மென்பொருளில் மதிப்பை மாற்றிவிட்டு, உள்ளீட்டுக் கோப்புகளை மறுபடி எழுதச் சொல்லாமல் ஓட்டியிருப்பீர்கள். கோப்பின் தேதி, நேரத்தைப் பாருங்கள். பழைய நேரம் என்றால் விஷயம் முடிந்தது. ஒரே மாடலுக்கு இரண்டு கோப்புறைகள் இருந்து, ஓடுவது ஒன்று, நீங்கள் திருத்துவது வேறொன்று என்றும் ஆகும். மாடலின் கோப்புகளைப் பட்டியலிடும் பெயர்க்கோப்பில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தால் அடுக்கைப் பாருங்கள். மண்டலத்தை முதல் அடுக்கில் வரைந்து, மற்ற அடுக்குகளுக்கு நகல் எடுக்காமல் விட்டிருக்கலாம். அந்த முதல் அடுக்கு அங்கே வறண்டு கிடந்தால் அதன் கடத்துதிறனுக்கு எந்த வேலையும் இல்லை.

அப்புறம் பலகோணங்களின் வரிசை. பல மென்பொருள்களில் இரண்டு பலகோணங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பிறகு வந்தது முன்னதை மூடிவிடும். மாடல் முழுவதையும் சூழும் பெரிய பின்னணிப் பலகோணம் பட்டியலில் கடைசிக்கு வந்துவிட்டால், உள்ளே கவனமாக வரைந்த அத்தனை சிறு மண்டலங்களும் அதற்கு அடியில் மறைந்துபோகும். திரையில் எல்லாக் கோடுகளும் தெரியும், ஆனால் செல்களில் ஒரே எண்தான் இருக்கும். பட்டியலில் வரிசையை மாற்றினால் போதும்.

செயலற்ற செல்களையும் மறக்க வேண்டாம். மோட்ஃப்ளோ-2005-இல், செல் செயலில் இருக்கிறதா என்று சொல்லும் ஐபவுண்ட் எண் பூச்சியமாக இருக்கும் செல்லுக்கு என்ன மதிப்புக் கொடுத்தாலும் அது கணக்கில் வராது. மோட்ஃப்ளோ 6-இல் அந்த வேலையை ஐடொமைன் செய்கிறது. அதில் -1 என்றால் வேறு பொருள்: அந்தச் செல் கணக்கில் இல்லை, ஆனால் மேல் செல்லும் கீழ்ச் செல்லும் அதன் வழியாக நேரடியாக இணைக்கப்படுகின்றன. ஒரு களிமண் அடுக்கு இடையில் மெலிந்து மறையும் இடத்தில் இதைப் பயன்படுத்துவார்கள். அங்கே களிமண் மண்டல எண்ணை எழுதி வைத்தால் அது நீரைத் தடுக்கும் என்று நினைக்கக் கூடாது.

அறிகுறி: மண்டலம் தலைகீழாகவோ, ஓரமாக நகர்ந்தோ விழுகிறது

மோட்ஃப்ளோவில் முதல் வரிசை வரைபடத்தின் மேல் விளிம்பு. வரிசை எண் கூடக் கூடக் கீழே போகிறோம். ஆனால் ஆயத்தொலைவில் மேல்நோக்கிப் போனால்தான் ஒய் கூடும். மண்டல அணியை வேறு நிரலில் தயாரிக்கும்போது ஒய் சிறியதிலிருந்து பெரியதாக எழுதிவிட்டால் தெற்கும் வடக்கும் இடம் மாறிவிடும். மாடல் ஓரளவுக்குச் சமச்சீராக இருந்தால் கண்ணில் படாமல் தப்பிவிடும். ஒரு மூலையில் மட்டும் 99 என்று ஓர் எண்ணை வைத்து அனுப்பி, அது எந்த மூலையில் இறங்குகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மண்டலம் சரியாக ஒரு செல் அகலத்துக்கு நகர்ந்திருந்தால் காரணம் எண்ணும் முறை. மோட்ஃப்ளோ கோப்புகளில் எண்ணிக்கை 1-இல் தொடங்கும். பைத்தானில், அதனால் மோட்ஃப்ளோ கோப்புகளைத் தயாரிக்க உதவும் ஃப்ளோபை நூலகத்திலும், 0-இல் தொடங்கும். அடுக்கிலும் இதே பிழை வரும். களிமண் அடுக்குக்குக் கொடுத்த மண்டலம் அதற்குக் கீழ் இருக்கும் மணலில் போய் உட்காரும்.

மண்டலம் காணவே காணோம் என்றால் ஆயத்தொலைவு முறையைச் சந்தேகியுங்கள். பலகோணம் அட்சரேகை தீர்க்கரேகையிலும் கிரிட் மீட்டரிலும் இருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. கிரிட்டைச் சுழற்றி வைத்திருந்தால், சுழற்சிக் கோணமும் தொடக்கப் புள்ளியும் மண்டலம் வெட்டும் நிரலுக்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஃப்ளோபையில் இதைக் கொடுக்காமல் விட்டால் கிரிட்டின் கீழ் இடது மூலை பூச்சியம், பூச்சியம் என்றே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: நான் வரையாத ஒரு மண்டலம் எல்லையோரம் வளையமாகத் தோன்றுகிறது

இது நிறையப் பேரைக் குழப்புகிறது, ஆனால் காரணம் ஒன்றே ஒன்று. களிமண் 1, மணல் 2, பாறை 3 என்று எண் கொடுத்திருக்கிறீர்கள். நிலவியல் ராஸ்டரை, அதாவது கட்டம் கட்டமாக எண் எழுதிய படத்தை, கிரிட்டின் செல் அளவுக்கு மாற்றும்போது மென்பொருள் அக்கம்பக்கத்து எண்களைச் சராசரி எடுத்துவிட்டது. 1-க்கும் 3-க்கும் நடுவே சராசரி 2. களிமண்ணும் பாறையும் சந்திக்கும் கோடு முழுவதும் மணல் முளைத்துவிட்டது. நல்ல கடத்துதிறன் உள்ள மணல் என்பதால், மாசு அந்த வளையத்தைச் சுற்றி ஓடும். படத்தில் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். அதுதான் வேதனை.

மண்டல எண் ஓர் அளவு அல்ல, பெயர். பெயருக்குச் சராசரி கிடையாது. ராஸ்டரை மாற்றும்போது அருகிலுள்ள எண்ணை எடு, அல்லது அதிகப் பரப்பைப் பிடித்த எண்ணை எடு என்ற முறையை மட்டுமே தேர்ந்தெடுங்கள். கோப்பில் 2.37 போன்ற தசமங்கள் கண்ணில் பட்டால் சராசரி நடந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். தசமங்கள் முழு எண்ணாக வெட்டப்பட்டிருந்தால் எந்தத் தடயமும் இருக்காது.

அறிகுறி: மெல்லிய மணல் பாதை துண்டு துண்டாகிறது, அல்லது முழுதாக இருந்தும் நீர் பாயவில்லை

செல் 50 மீட்டர், பழைய ஆற்றுப்படுகை 20 மீட்டர் அகலம் என்று வையுங்கள். செல்லின் மையம் பலகோணத்துக்குள் விழுந்தால் மட்டும் அந்தச் செல்லுக்கு எண் கொடு என்ற விதியில் மென்பொருள் வேலை செய்தால், பல இடங்களில் மையம் வெளியே விழும். படுகை புள்ளி புள்ளியாக மாறிவிடும். தொடும் செல் எல்லாம் என்று விதியை மாற்றினால் தொடர்ச்சி கிடைக்கும், ஆனால் அகலம் 50 மீட்டர் ஆகிவிடும். அப்போது கடத்துதிறனை அகல விகிதத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. படத்தில் பாதை தொடர்ச்சியாகவே தெரியும், ஆனால் கிரிட்டுக்குக் குறுக்காக, படிக்கட்டு போலப் போகிறது. ஒவ்வொரு செல்லும் அடுத்த செல்லை மூலையில் மட்டும் தொடுகிறது. வழக்கமான செவ்வகக் கிரிட்டில் நீர் செல்லின் பக்கங்கள் வழியாகத்தான் பாயும். மூலைக்கு மூலை பாயாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் நீர் பக்கத்துக் களிமண் செல்லுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். இரண்டு செல்களுக்கு நடுவே மோட்ஃப்ளோ இயல்பாக எடுப்பது ஹார்மோனிக் சராசரி. மணல் நாளுக்கு 50 மீட்டர், களிமண் 0.05 மீட்டர், செல்கள் சம அகலம் என்றால் நடுவே கிடைப்பது சுமார் 0.1 மீட்டர்தான். களிமண்ணின் இரு மடங்கு, அவ்வளவே. 50 என்று எழுதிய மணல் பாதை 0.1 ஆக நடந்துகொள்ளும். ஒவ்வொரு மூலையிலும் இன்னொரு செல்லை மண்டலத்தில் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் தொடும்படி பாதையை நிரப்புங்கள். முடிந்தால் அந்தப் பகுதியில் கிரிட்டை நுணுக்குங்கள். மோட்ஃப்ளோ 6-இல், செல்லின் வடிவையும் அளவையும் இடத்துக்கு இடம் மாற்றக்கூடிய டிஐஎஸ்வி வகைக் கிரிட் இதற்கு வசதியானது.

தடுப்புச் சுவருக்கு இது நேர் எதிர். மூலை மட்டும் தொடும் குறைந்த கடத்துதிறன் செல்கள் நீரைத் தடுத்துவிடும், ஏனென்றால் மூலை வழியாக எதுவும் போகாது. ஆனால் அரை மீட்டர் சுவருக்கு முழுச் செல்லை ஒதுக்குவது சரியல்ல. சுவருக்கு மண்டலமே வேண்டாம், எச்எஃப்பி தொகுப்பைப் பயன்படுத்துங்கள். அது இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் முகத்தில் தடையை வைக்கிறது.

அறிகுறி: சில செல்களில் மதிப்பு பூச்சியம், அல்லது இரட்டிப்பு

மோட்ஃப்ளோ-2005-இல் பாராமீட்டர் முறையில் (ஒரு மதிப்புக்குப் பெயர் வைத்து, மண்டல எண்களைச் சொல்லிச் செல்களுக்குக் கொடுப்பது) மண்டல அணியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வரும். அங்கே ஒரே செல்லுக்கு இரண்டு பாராமீட்டர்கள் பொருந்தினால் பின்னது முன்னதை மூடாது, இரண்டும் கூட்டப்படும். 10-ம் 4-ம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் 14. எந்தப் பாராமீட்டரும் தொடாத செல் பூச்சியமாக இருக்கும். பலகோணம் மேலெழுதும் பழக்கத்தோடு வருகிறவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பாராமீட்டரும் எந்த மண்டல எண்களைப் பிடிக்கிறது என்று தாளில் எழுதி, எந்த எண்ணும் இரண்டு முறை வரவில்லை, எதுவும் விடுபடவில்லை என்று சரிபாருங்கள்.

அறிகுறி: செங்குத்தாக நீர் இறங்கவே மாட்டேன் என்கிறது, அல்லது தடையே இல்லாமல் இறங்குகிறது

கிடைக் கடத்துதிறன் மண்டலம் சரி, ஆனால் செங்குத்து மதிப்புக்கு எந்தப் பொருளில் எண் கொடுத்தீர்கள்? மோட்ஃப்ளோ-2005-இன் எல்பிஎஃப் தொகுப்பில் லேவிகேஏ என்ற குறி பூச்சியமானால் நீங்கள் கொடுத்தது நேரடியாகச் செங்குத்துக் கடத்துதிறன். பூச்சியம் இல்லையென்றால் அது கிடை மதிப்புக்கும் செங்குத்து மதிப்புக்கும் உள்ள விகிதம்; கிடை பத்து மடங்கு அதிகம் என்றால் 10 என்று எழுதுவோம். விகிதம் என்று நினைத்து 10 எழுதி, குறியைப் பூச்சியமாகவே விட்டால் களிமண் அடுக்கு நாளுக்கு 10 மீட்டர் என்று ஓட்டையாகிவிடும்.

2017-இல் வெளியான மோட்ஃப்ளோ 6-க்கு மாறும்போது இன்னொரு பொறி. அங்கே என்பிஎஃப் தொகுப்பில் கே33ஓவர்கே என்று சொன்னால் விகிதம் தலைகீழ்: செங்குத்தைக் கிடையால் வகுத்தது. பழைய மாடலில் 10 என்று இருந்தது இங்கே 0.1 ஆக வேண்டும். பழைய மண்டல அட்டவணையை அப்படியே ஒட்டினால் செங்குத்து மதிப்பு நூறு மடங்கு பிசகும். மாடல் மாற்றித் தருகிற எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் இந்த ஒரு எண்ணை மட்டும் கையால் சரிபாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: மண்டல நீர்க்கணக்கில் வரவும் செலவும் பொருந்தவில்லை

ஸோன்பட்ஜெட் என்பது தனி நிரல். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1990-இல் வெளியிட்டது; மோட்ஃப்ளோ 6-க்கு என்று தனிப் பதிப்பும் இருக்கிறது. அது எதையும் புதிதாகத் தீர்ப்பதில்லை. மாடல் ஓடும்போது எழுதி வைத்த செல்வாரி நீரோட்டக் கோப்பை எடுத்து, உங்கள் மண்டல எண்களை வைத்துக் கூட்டுகிறது. கோப்பில் எழுதப்படாத ஒன்றை அதனால் கூட்ட முடியாது. பொருந்தாமைக்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு மண்டலத்தில் வரவு நாளுக்கு 1250 கன மீட்டர், செலவு 850 என்று வந்திருக்கிறது. வித்தியாசம் 400, சராசரியால் வகுத்தால் பிசகு 38.1 சதவீதம். சதவீதத்தைப் பார்த்துப் பயந்து, சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரின் அளவுகளைக் கிண்ட வேண்டாம். 400 என்ற எண்ணைப் பாருங்கள். அந்த மண்டலத்துக்குள் நாளுக்கு 400 கன மீட்டர் இறைக்கும் கிணறு இருக்கிறதா? இருந்தால் கிணற்றுத் தொகுப்பின் ஓட்டம் கோப்பில் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். நீரோட்டத் தீர்வு சரியாகத்தான் இருக்கிறது. மாடல் ஓடிய விவரத்தை எழுதி வைக்கும் லிஸ்டிங் கோப்பில் முழு மாடலின் பிசகு பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பதே அதற்குச் சாட்சி.

மோட்ஃப்ளோ-2005-இல் ஒவ்வொரு தொகுப்பின் தொடக்க வரியிலும் ஓட்டத்தைச் சேமிக்கும் அலகு எண் இருக்கும். கிணற்றுக்கு ஐவெல்சிபி, எல்பிஎஃப்-க்கு ஐஎல்பிஎஃப்சிபி. எல்லாவற்றிலும் பெயர்க்கோப்பில் உள்ள அதே நேர் எண் இருக்க வேண்டும். மோட்ஃப்ளோ 6-இல் ஒவ்வொரு தொகுப்பின் விருப்பப் பகுதியிலும் சேவ்_ஃப்ளோஸ் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாடலின் பெயர்க்கோப்பில் ஒரே முறை எழுதினால் எல்லாத் தொகுப்புகளுக்கும் பொருந்தும். இதைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஒன்று விட்டுப்போகும் வாய்ப்பே இல்லை. அதோடு அவுட்புட் கண்ட்ரோலில் பட்ஜெட்டைச் சேமிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நேரத்தோடு மாறும் மாடலில், நிலத்தில் தங்கும் நீரைக் கணக்கிடும் ஸ்டோரேஜ் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது விட்டுப்போனால் பிசகு ஒவ்வொரு காலப்படியிலும் வேறு வேறாக ஆடும்.

அடுத்து, பூச்சியம் என்ற மண்டலம். ஸோன்பட்ஜெட் 0 என்ற எண்ணுக்குக் கணக்குத் தருவதில்லை. செயலற்ற செல்களுக்கு 0 போடுவது சரி. ஆனால் விடையில் மண்டலம் 0-இலிருந்து வரவு என்று ஒரு தொகை தெரிந்தால், செயலில் இருக்கும் சில செல்களுக்கு எண் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். அவை பெரும்பாலும் எல்லையோரமோ, அடி அடுக்கோ இருக்கும்.

மோட்ஃப்ளோ 6-இன் மண்டலக் கோப்பில் முதலில் மொத்தச் செல் எண்ணிக்கை கேட்கும். செயலற்ற செல்களையும் சேர்த்த எண்ணிக்கை அது. செயலில் உள்ளவற்றை மட்டும் எண்ணிக் கொடுத்தால் ஓடாது. இதில் ஒரு நன்மை, உடனே சொல்லிவிடும்.

எதுவும் பிடிபடவில்லையா? எல்லாச் செல்களுக்கும் மண்டலம் 1 என்று கொடுத்து ஸோன்பட்ஜெட்டை ஓட்டுங்கள். லிஸ்டிங் கோப்பின் அதே காலப்படிக்கான ஓட்ட வீதத்தோடு ஒவ்வொரு வரியும் பொருந்த வேண்டும். பொருந்தாத வரி எதுவோ அந்தத் தொகுப்பில்தான் பிழை. எல்லாம் பொருந்தினால் பிழை உங்கள் மண்டல அணியில்.

அறிகுறி: கணக்குப் பொருந்துகிறது, ஆனால் எண்கள் நம்ப முடியாத அளவுக்குப் பெரியவை

லிஸ்டிங் கோப்பில் இரண்டு பத்திகள் இருக்கும்: தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தக் கன அளவு, இந்தக் காலப்படியின் வீதம். ஸோன்பட்ஜெட் தருவது வீதம். தவறான பத்தியோடு ஒப்பிட்டால் நூறு, ஆயிரம் மடங்கு வித்தியாசம் தெரியும்.

பக்கத்து மண்டலத்துக்குப் போவதும் அங்கிருந்து வருவதும் இரண்டுமே மிகப் பெரிதாக, கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் அது எல்லையின் வடிவத்தால் வருவது. நீர் மண்டல எல்லையை ஒட்டி இணையாகப் போகிறது. எல்லையோ படிக்கட்டாக இருக்கிறது. ஒரே நீர் ஒரு முகத்தில் உள்ளே போய் அடுத்த முகத்தில் வெளியே வந்து மறுபடி உள்ளே போகிறது. ஒவ்வொன்றையும் நிரல் எண்ணும். அறிக்கையில் நிகர ஓட்டத்தை எழுதுங்கள். மொத்த வரவை எடுத்து, இரண்டு நீர்தாங்கிகளுக்கு நடுவே இவ்வளவு நீர் பரிமாறுகிறது என்று எழுதுவது தவறான சித்திரத்தைக் கொடுக்கும்.

அறிகுறி: ரீசார்ஜ் மண்டலம் கொடுத்ததைவிடக் குறைவாகத் தருகிறது

முதலில் கையால் ஒரு கணக்கு. 120 செல்கள், ஒவ்வொன்றும் 50 மீட்டருக்கு 50 மீட்டர், ரீசார்ஜ் ஆண்டுக்கு 146 மில்லிமீட்டர். நாளுக்கு 0.0004 மீட்டர். ஒரு செல்லின் பரப்பு 2500 சதுர மீட்டர், ஆக ஒரு செல்லுக்கு நாளுக்கு ஒரு கன மீட்டர். மண்டலம் முழுவதும் 120 வர வேண்டும். மண்டல நீர்க்கணக்கில் 105 என்று வந்தால் 15 செல்கள் ரீசார்ஜை வாங்கவில்லை. இப்படிச் செல் எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்தால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்த 15 செல்கள் மேல் அடுக்கில் வறண்டவையாகவோ செயலற்றவையாகவோ இருக்கும். மோட்ஃப்ளோ-2005-இல், ரீசார்ஜ் எந்த அடுக்குக்கு என்று சொல்லும் என்ஆர்சிஎச்ஓபி 1 என்றால் ரீசார்ஜ் மேல் அடுக்குக்கு மட்டுமே போகும். அந்தச் செல் வறண்டால் நீர் கணக்கிலிருந்தே மறையும். 3 என்று மாற்றினால் அந்த இடத்தில் செயலில் இருக்கும் மிக மேல் செல்லுக்குப் போகும். இன்னொரு சாத்தியம், ரீசார்ஜ் நீர் கீழ் அடுக்குக்குப் போயிருக்கிறது, ஆனால் உங்கள் மண்டல அணி மேல் அடுக்கை மட்டும் பிடிக்கிறது. அப்போது மாடலில் பிழை இல்லை, கேட்ட கேள்வியில்தான்.

அறிகுறி: மாசு கிளம்பவே இல்லை, அல்லது எல்லையில் போய்ச் சுத்தமாகிவிடுகிறது

நீரோட்ட மாடலில் மண்டலம் போட்டால் மாசு மாடலுக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகாது. எம்டி3டிஎம்எஸ்-க்குத் தனி உள்ளீடு, மோட்ஃப்ளோ 6-இல் மாசு நகர்வதைக் கணக்கிடும் ஜிடபிள்யூடி-யும் தனி மாடல்.

மாசு மூலம் ரீசார்ஜ் வழியாக வருகிறது என்றால், ரீசார்ஜின் அளவுக்கு ஒரு மண்டலம், அதன் செறிவுக்கு இன்னொரு மண்டலம் வேண்டும். எம்டி3டிஎம்எஸ்-இல் எந்த வரவுக்கும் செறிவு சொல்லாவிட்டால் பூச்சியம்தான், அதாவது சுத்தமான நீர். முதல் ஸ்ட்ரெஸ் பீரியடில் (உள்ளீடுகள் மாறாமல் இருக்கும் காலப்பகுதி), ரீசார்ஜ் செறிவைப் படிக்கச் சொல்லும் குறியான ஐஎன்சிஆர்சிஎச் எதிர்ம எண்ணாக இருந்தாலும் ரீசார்ஜ் செறிவு பூச்சியமாகவே எடுக்கப்படும். ஜிடபிள்யூடி-யில் துணை மாறியாகச் செறிவைக் கொடுத்த பிறகு, மாசு உள்ளே வரும், வெளியேறும் வழிகளைக் கவனிக்கும் எஸ்எஸ்எம் தொகுப்பின் பட்டியலில் அந்த எல்லைத் தொகுப்பின் பெயரையும் சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் உள்ளே வருவது செறிவில்லாத நீர்.

எல்லையில் மாசு மறைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஐசிபவுண்ட், அதாவது எம்டி3டிஎம்எஸ்-இல் ஐபவுண்டுக்கு இணையான அணி. ஐபவுண்டில் எதிர்ம எண் என்றால் நிலையான நீர்மட்டம். ஐசிபவுண்டில் எதிர்ம எண் என்றால் நிலையான செறிவு. முந்தையதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், ஆற்றோரத்து நிலையான நீர்மட்டச் செல்கள் எல்லாம் தொடக்கச் செறிவிலேயே, அதாவது பூச்சியத்திலேயே, கடைசி வரை பூட்டப்பட்டுவிடும். வந்து சேரும் மாசை அவை விழுங்கிக்கொண்டே இருக்கும், ஆறு சுத்தமாக இருப்பதாக மாடல் சொல்லும். அந்தச் செல்களுக்கு ஐசிபவுண்டில் 1 கொடுங்கள். மூலத்தை நிலையான செறிவாக வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும்: அது தீராத மூலம். உள்ளே எவ்வளவு நிறை புகுந்தது என்று எம்ஏஎஸ் கோப்பில் பார்த்து, தரையில் உண்மையில் சிந்திய அளவைவிட அதிகமா என்று ஒப்பிடுங்கள்.

அறிகுறி: மாசு மிக வேகமாக, அல்லது நகராமலே

வேகம் என்பது கடத்துதிறனையும் சரிவையும் பெருக்கித் துளைமையால் வகுப்பது. நாளுக்கு 10 மீட்டர், சரிவு 0.005, துளைமை 0.25 என்றால் நாளுக்கு 0.2 மீட்டர், ஆண்டுக்கு 73 மீட்டர். துளைமை மண்டலத்தில் தவறுதலாக நீர் விடுதிறன் (மண்ணிலிருந்து வடியக்கூடிய நீரின் பங்கு) 0.05-ஐ ஒட்டியிருந்தால் ஆண்டுக்கு 365 மீட்டர். நீர்மட்டம் அப்படியே இருக்கும், ஏனென்றால் துளைமை நீரோட்டக் கணக்கில் வருவதே இல்லை. அதனால் நீர்மட்டத்தை வைத்துக் காலிபரேஷன் (அளவீட்டோடு பொருந்தும்படி மதிப்புகளைத் திருத்துவது) செய்தவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

நகராமல் நின்றால், மாசு நீரைவிட எத்தனை மடங்கு மெதுவாக நகரும் என்று சொல்லும் தாமதக் காரணியைப் பாருங்கள். மண்ணின் பரும அடர்த்தியையும், மாசு மண்ணில் எவ்வளவு ஒட்டும் என்று சொல்லும் பகிர்வுக் கெழுவையும் பெருக்கி, துளைமையால் வகுத்து, ஒன்று கூட்டினால் அது கிடைக்கும். லிட்டருக்கு 1.6 கிலோ, கிலோவுக்கு 0.2 லிட்டர், துளைமை 0.25 என்றால் காரணி 2.28, மாசு ஆண்டுக்கு 32 மீட்டர் நகரும். அதே மண்ணுக்கு அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1600 கிலோ என்று எழுதி, கெழுவை லிட்டரிலேயே விட்டால் காரணி 1281 ஆகும். ஆண்டுக்கு ஆறு சென்டிமீட்டர்கூட நகராது. மீட்டரில் போகும் மாடலில் கெழு 0.0002 என்று இருக்க வேண்டும். பல மண்டலங்கள் இருந்து ஒரே ஒரு மண்டலத்துக்கு மட்டும் இப்படி அலகு பிசகினால், மாசு அந்த எல்லையில் சுவரில் மோதியதுபோல் நிற்கும். களிமண் தடுக்கிறது என்று விளக்கம் எழுதுவதற்கு முன் அலகைப் பாருங்கள்.

அறிகுறி: மண்டலம் போட்ட பிறகு சால்வர் குவியவில்லை (ஒரு விடையில் வந்து நிற்கவில்லை)

அடுத்தடுத்த செல்களில் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு மாறினால் இது நடக்கும். எந்தச் செல்லில் பிழை அதிகம் என்று லிஸ்டிங் கோப்பு சொல்லும். அங்கே எழுத்துப் பிழையால் பூச்சியங்கள் கூடிப்போனதா என்று முதலில் பாருங்கள். பாறைக்கு 0.0000001 என்று எழுதுவதற்குப் பதில், ஓட்டமே இல்லை என்று உறுதியாக இருந்தால் அந்தச் செல்களைச் செயலற்றவையாக்குவது நல்லது.

அறிகுறி: காலிபரேஷன் ஒரு மண்டலத்துக்கு நம்ப முடியாத மதிப்பைத் தருகிறது

நீர்மட்ட அளவீடுகள் மட்டும் கையில் இருந்தால், கடத்துதிறனையும் ரீசார்ஜையும் ஒரே விகிதத்தில் கூட்டினாலும் குறைத்தாலும் நிலைத்த நீர்மட்டம் கிட்டத்தட்ட அதேதான். இரண்டையும் ஒன்றாகத் தேடச் சொன்னால் நிரல் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். ஆற்றில் கலக்கும் நீரின் அளவு போல ஓட்டத்தைச் சொல்லும் ஓர் அளவீட்டையாவது சேருங்கள். இல்லையென்றால் ரீசார்ஜை வெளி ஆதாரத்திலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள்.

ஒரே ஒரு மண்டலம் மட்டும் மேல் வரம்பிலோ கீழ் வரம்பிலோ போய் ஒட்டிக்கொண்டால், அதற்குள் எத்தனை கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லை, அக்கம்பக்கத்திலும் இல்லை என்றால் அந்த மதிப்பைத் தேடுவதற்கு மாடலிடம் தகவலே இல்லை. அந்த மண்டலத்தைப் பக்கத்து மண்டலத்தோடு சேருங்கள், அல்லது பம்ப்பிங் சோதனையில் கிடைத்த மதிப்பை வைத்துப் பூட்டுங்கள். கிணறுகள் இருந்தும் ஒட்டிக்கொள்கிறது என்றால் அந்தக் கிணறுகளில் நீர் உள்ளே புகும் வடிகட்டிக் குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது, மாடலில் எந்த அடுக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.